கமலாட்சி போட்ட தவணை

பிரதீபன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டரைப் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினான். கேத்தலை அடுப்பில் வைத்தான். சட்டையின் முன்பக்கத்தையும் கொலரையும் மட்டும் அயர்ன் பண்ணினான். பின்பக்கம் ஜக்கெட்டுக்குள் போய்விடும். முட்டை ஒன்று அவித்தான். முதல்நாள் வாங்கிய பாணில் மூன்று துண்டு, ஒரு பிளேன்டீ. கோப்பையை உடனே கழுவிக் கவிழ்த்தான். விட்டால் மாலையில் வந்து கழுவ வேண்டியிருக்கும். ஹெல்மெட், மழைக்கோட்டு, ஃபைல் பை. கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மணி ஏழு.

பதினான்கு மாதமாக இப்படித்தான். அதற்கு முன்பு அந்த வீட்டில் சிவநந்தினி இருந்தாள். காய்ச்சல் என்று ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெங்கு. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு அப்போது முப்பது வயது.

மாத்தளை நகரில் ஒரு லீசிங் கம்பெனியின் கிளையில் அவனுக்கு அறவீட்டு வேலை. தவணை தவறியவர்களைத் தேடிப் போய்ப் பேசிப் பணத்தை வரவைப்பது. செவ்வாய் யட்டவத்த, புதன் கலேவெல, வியாழன் எல்கடுவப் பக்கம். மனைவி போன பிறகு அவனுடைய வசூல் கூடியது. முன்பெல்லாம் யாராவது அழுதால் எழுந்து வந்துவிடுவான். இப்போது அழுது முடியும்வரை உட்கார்ந்திருப்பான். முடிந்ததும் தொகையைத் திரும்பச் சொல்வான். மூன்று காலாண்டாகக் கிளையின் பலகையில் அவன் பெயர்தான் முதலில். அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோசமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை.

சித்திரை வருசப் பிறப்பு லீவு முடிந்த முதல் வியாழக்கிழமை, பையில் மேலே இருந்தது கமலாட்சியின் ஃபைல்.

விசயம் பழையதுதான். ஷியாம் என்ற ஒரு பையன் லீசிங்கில் த்ரீவீல் எடுத்தான். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருசத்தில் ஓட்டம் படுத்தது. தவணை நின்றது. கம்பெனி வண்டியைத் தூக்கி ஏலத்தில் விற்றது. விற்ற காசு போக மிச்சம் நின்றது ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரம். அதன் மேல் தாமத வட்டி அறுபத்தோராயிரம். ஷியாம் கொழும்பில் எங்கோ கட்டட வேலை என்றார்கள். போன் ஓஃப். ஆகவே கடிதம் பிணை நின்ற கமலாட்சிக்குப் போயிருந்தது: பதினான்கு நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு. வழக்கென்றால் மாத்தளைக் கோட்டு, தீர்ப்பு, பிறகு தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பு. அவன் இதைப் பலமுறை பார்த்திருக்கிறான். பிடிக்கத் தொடங்கினால் கையில் நிற்பது கொழுந்துச் சாக்கு மட்டும்தான் என்று யாரோ ஒரு கிழவர் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

அவன் எல்கடுவத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்களிடம் பெயரைக் கேட்டான். கேட்டதுதான் தாமதம்.

"ஏய் கமலாட்சி, ஒனக்கு மாப்பிள்ள வந்திருக்கு!"

"மாப்பிள்ளையா? கையில ஃபைலப் பாருடி. சீதனம் கேட்டுல்ல வந்திருக்கான்."

சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பியது. வரிசையின் நடுவில் இருந்து ஒரு பெண் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு இருக்கும். ஒல்லி. நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம்.

"நான்தான் கமலாட்சி. கம்பெனியா, சார்?"

"ஆமா."

"கொழுந்து நிறுக்கணும். நீங்க கணக்கப்புள்ள மாதிரி நட்டுக்கிட்டு நிக்காம அங்கிட்டு நெழல்ல இருங்க. வந்துர்றேன்."

அவளுடைய முறை வந்தபோது தராசின் முள்ளை அவள் பார்த்த விதத்தை அவன் கவனித்தான். நிறுப்பவர் எண்ணைச் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுதினார்.

தொழிலாளர் லயத்தில் அவளுடைய அறை கடைசிக்கு முந்தையது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கடிதத்தை எடுத்து வந்தாள். மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"பதினாலு நாள்னு போட்டிருக்கு. இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"ரெண்டாவது."

"அப்ப பன்னெண்டு நாள் கெடக்கு. தேத்தண்ணி குடிங்க."

அவன் குடித்தான். பிறகு வழக்கமான வரியைச் சொன்னான். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். ஒரேயடியாகக் கட்ட முடியுமா, பகுதியாகவா?

"தொகைய அப்புறம் பேசுவோம், சார். மொதல்ல நான் இதுல எப்படி மாட்டினேன்னு கேளுங்க. கேக்காம ஒருத்தர்கிட்ட காசு கேக்கக் கூடாதுல்ல?"

அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சரி என்றான்.

அவள் சொன்னது இதுதான். ஷியாம் பக்கத்து அறை மரியாயியின் மகன். மரியாயி தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டி ஓய்வுக்குப் போனவள். கம்பெனிக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், பேர் உள்ள ஒரு ஆள் பிணைக்குத் தேவைப்பட்டது. சும்மா வந்து ஒரு கையெழுத்து என்று பையன் கூப்பிட்டான். போனாள். அங்கே இருந்தவர் ஒரு சிங்கள ஐயா. நல்ல மனிதர், கதிரை தந்தார். கடதாசியைப் படபடவென்று வாசித்துவிட்டு அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"'எப்ப?'ன்னாரு. எனக்கு மனசு குளுந்துபோச்சு, சார். சிங்கள ஐயா நமக்காகத் தமிழ்ல கேக்குறாரேன்னு. எப்பக் கட்டுவான்னுதான கேக்குறாரு? பையனுக்கு ஏது சம்பள நாளு? எனக்குத் தெரிஞ்ச சம்பள நாள் ஒண்ணுதான். 'பத்தாந்தேதி ஐயா'ன்னேன். அவரும் தலைய ஆட்டி, சரி சரிங்கிறத சிங்களத்துல 'ஹரி ஹரி'ன்னு சொல்லி, இங்க போடுங்கன்னு வெரல வச்சாரு. போட்டுட்டு வந்துட்டேன்."

பிணைக்குச் சிங்களத்தில் 'எப' என்பார்கள். வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள்தானே பிணை என்று அவர் கேட்டிருக்கிறார். இவள் திகதி சொல்லியிருக்கிறாள்.

தொண்டையில் இருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடைய சிரிப்பு என்று பிரதீபனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. உடனே வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சிரிங்க, சிரிங்க. நானும்தான் சிரிச்சேன். கடுதாசி வந்த அன்னிக்கு மட்டும் சிரிக்கல."

"இத யூனியன்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். கோட்டுல இதச் சொன்னா கேஸ் நிக்காது, நீ கட்டத் தேவயில்லைன்னாங்க."

"அப்ப ஏன்?" என்றவன் நிறுத்திக்கொண்டான். அவன் கேட்கக்கூடாத கேள்வி அது. அவன் கம்பெனி ஆள்.

கமலாட்சி அவன் விழுங்கியதைப் பார்த்தாள். சட்டென்று 'சார்' என்ற சொல் போய்விட்டது.

"தம்பி, அவரு கேட்டது வேற. ஆனா நான் சொன்னது சொன்னதுதான. பத்தாந்தேதி காசு வரும்னு இந்த வாய்தான் சொல்லிச்சு. அந்த வண்டியிலதான் எம் மகளப் புள்ளப்பேறுக்குக் கொண்டு போனோம். ராவுல இந்த ரோட்டுல வேற எவன் வருவான்? வண்டிக்காசு ஒரு சதம் வாங்கல அவன். கட்டுறேன். ஆனா ஒங்க கம்பெனி போடுற மாதிரி கட்ட மாட்டேன். நான் போடுற மாதிரி கட்டுவேன்."

அவள் உள்ளே போய் ஒரு சீலைக்கடைப் பையைக் கொண்டு வந்தாள். அதற்குள் மூன்று வருசத்துச் சம்பளச் சீட்டுகள். மாதவாரியாக அடுக்கி, வருசத்துக்கு ஒன்றாக ரப்பர் வளையம் போட்டிருந்தாள். அவற்றைப் பாயில் பரப்பினாள். எல்லா ஜனவரியும் ஒரு நிரை, எல்லாப் பெப்ரவரியும் ஒரு நிரை. பன்னிரண்டு நிரை.

"பாருங்க. பெப்ரவரி. மூணு வருசத்துலயும் எனக்குப் பதினோரு பேருக்கு மேல விழுந்ததே இல்ல. அதுலயும் பாதி அரைப் பேரு. வெயில்ல கொழுந்து ஏது?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். அது பிரதீபனுக்குத் தெரியும். தெரியாதது, ஒருத்தி தன்னுடைய மூன்று வருசத்தையும் பேர் பேராக எண்ணி இப்படித் தரையில் பரப்பி வைக்கக்கூடும் என்பது.

"மார்ச்சும் அதே. ஓகஸ்ட்டும் வெயில் காய்ச்சல்தான். ஜனவரி பேரு விழும், ஆனா பேரப்பிள்ளைக்கு ஸ்கூல் சாமான், பொங்கல். இந்த நாலு மாசமும் மும்மூவாயிரம். அதுக்கு மேல கேட்டா பொய் சொல்ல வேண்டி வரும். ஏப்ரல், மே, ஜூன், ஒக்டோபர், நவம்பர், இது அஞ்சும் மழைக்காசு. கிலோ கூட வரும். ஒம்பதினாயிரம் தர்றேன். மிச்ச மூணு மாசம் ஆறாயிரத்து ஐநூறு. இப்பக் கூட்டுங்க."

அவன் போனை எடுத்துக் கூட்டினான். வருசத்துக்கு எழுபத்தாறாயிரத்து ஐநூறு. இரண்டு வருசத்துக்கு ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தாமத வட்டி?" என்றான்.

"அது நான் தரமாட்டேன். எப்பன்னு கேட்டாருல்ல, அந்த விசயம் இருக்கே, அத நான் கோட்டுல சொல்லாம இருக்கேன். அதுவும் இதுவும் சரியாப் போச்சு. மெரட்டுறேன்னு நெனைக்காதீங்க. வெல சொல்றேன்."

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவன் படித்தது பொருளியல். கடைசி வருசத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்ப வருமானம் பற்றி அறுபது பக்கம் எழுதினான். நல்ல புள்ளி கிடைத்தது. அந்த அறுபது பக்கத்திலும் மாதம் என்று ஒன்று கிடையாது. ஆண்டுச் சராசரிதான் இருந்தது. அதை இப்போது நினைத்துக்கொண்டான்.

பாயில் குனிந்து நிரைகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"கல்யாணம் முடிச்சிட்டீங்களா, தம்பி?"

"முடிச்சேன். அவ இல்ல இப்ப."

"எத்தன மாசம்?"

"பதினாலு."

"ம்" என்றாள். அவன் காத்திருந்தான். இதற்குப் பிறகு எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். சின்ன வயசு என்பார்கள், கடவுள் என்பார்கள், இன்னொரு கல்யாணம் என்பார்கள். அவள் ஓகஸ்ட் நிரையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"இது ஜூலையோடது. மாறிக் கெடக்கு. சரியா எழுதிக்கிட்டீங்களா?"

திரும்பி வரும்போது உக்குவளைச் சந்தியில் மழை பிடித்தது. மழைக்கோட்டை எடுத்துப் போடாமல் நனைந்துகொண்டே வந்தான். காரணம் ஒன்றும் இல்லை. ஃபைல் பையை மட்டும் கோட்டுக்குள் சுற்றியிருந்தான்.

கிளை முகாமையாளர் ஜெஸ்லா மிஸ், கறாரான பெண். அநியாயக்காரி அல்ல. மறுநாள் காலை அவன் தாளை நீட்டியதும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிரதீபன், இது பஞ்சாங்கமா? ஒரு மாசம் மூணு, ஒரு மாசம் ஒம்பது. சிஸ்டத்துல ஒரே தொகைதான் ஏறும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், மிஸ். ஒரே தொகைன்னா ஆறாயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு. பெப்ரவரியில விழுந்துருவாங்க. விழுந்தா நாம கோட்டுக்குப் போவோம். போனா அந்தப் பத்திரத்த எடுக்கணும்."

"எடுத்தா?"

அவன் பத்திரத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தான். முழுவதும் சிங்களம். கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி: மேற்கண்டவை எனக்குத் தமிழில் விளக்கிக் கூறப்பட்டன. அதன் கீழே கையெழுத்துக்கான கோடு. கோடு வெறுமையாகக் கிடந்தது.

ஜெஸ்லா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "இதப் பாத்தது யாரு?"

"நான் பாத்தேன். அந்தம்மாவுக்கு இந்தப் பெட்டி இருக்கிறதே தெரியாது. ஆனா நடந்தது தெரியும்." எப்ப, எப கதையைச் சொன்னான். ஜெஸ்லா மிஸ் சிரிக்காமல் இருக்க மேசை மீதிருந்த பேனையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி. தலைமை ஒஃபிசுக்குக் கடிதம் எழுதுங்க. கையால போட்ட அட்டவணைன்னு ஒரு முறை முந்தி இருந்திச்சு, அதக் கேளுங்க. தாமத வட்டி வெட்டுறதுக்கு நான் சொல்றேன். பிரதீபன்…"

"மிஸ்?"

"நீங்க ஒருத்தருக்காகப் பேசி நான் பாத்து ஒரு வருசத்துக்கு மேல."

அவன் இடத்துக்குப் போய்க் கடிதத்தை எழுதினான். இரண்டு பக்கம். பன்னிரண்டு நிரைகளையும் உள்ளபடி போட்டான். 'மாதச் சம்பளச் சீட்டுகளின் அடிப்படையில் கடனாளியே தயாரித்த அட்டவணை' என்று எழுதி, 'கடனாளியே' என்பதன் கீழ்க் கோடிட்டான். அப்படிக் கோடிடும் வழக்கம் கம்பெனிக் கடிதங்களில் இல்லை.

பதில் எட்டாம் நாள் வந்தது. தாமத வட்டி நீக்கம், சரி. கையட்டவணை, சரி. ஆனால் புதிய உடன்படிக்கைக்குப் புதிய பிணையாளர் ஒருவர் தேவை.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. அவன் அந்தக் கடைசி வரியைச் சுமந்துகொண்டு மலை ஏறினான். வாசலில் கமலாட்சியுடன் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். காலில் வீக்கம், கழுத்தில் சிலுவை. கேட்காமலே தெரிந்தது, மரியாயி.

பதிலை வாசித்தான். பிணை என்ற சொல் வந்ததும் மரியாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"எம் புள்ளையாலதான, எம் புள்ளையாலதான எல்லாம்…"

"அழாத, மரியாயி. அவருக்குத் தேத்தண்ணிய ஊத்து" என்றாள் கமலாட்சி. பிறகு அவனிடம்: "எனக்குப் பிணை வேணாம், தம்பி."

"கம்பெனிக்கு வேணும்மா. இல்லாட்டி அஞ்சு நாள்ல ஃபைல் லோயர்கிட்ட போயிரும்."

"நான் மாட்டின மாதிரி இன்னொருத்திய மாட்டி வைக்கவா? இந்த லயத்துல யாரக் கேட்டாலும் போடுவாங்க. போடுவாங்கன்னு தெரிஞ்சுதான் கேக்க மாட்டேன்."

கம்பெனி விதிக்கு மாறானது என்று தெரிந்தே, பிணைக் கையெழுத்தைத் தான் போடலாம் என்றான் பிரதீபன்.

கமலாட்சி அவனை முதல்முறையாகக் கோபத்தோடு பார்த்தாள்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? நாளைக்கு நான் செத்துப்போனா? வேலையும் போயி, கடனும் வந்து, வீட்டுல கேக்க ஒரு நாதியும் இல்லாம… பேசாம இருங்க. ஒங்க மிஸ்ஸுக்குப் போனப் போடுங்க. நான் பேசுறேன்."

அவன் ஸ்பீக்கரில் போட்டான். கமலாட்சி போனைக் கையில் வாங்கவில்லை. அதன் முன்னால் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வணக்கம் மிஸ். நான் எல்கடுவ கமலாட்சி. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"பிணை எதுக்குக் கேக்குறீங்க? நான் கட்டாமப் போயிருவேன்னு பயத்துலதான?"

போனில் ஒரு மூச்சு. "அப்படியும் சொல்லலாம்."

"சரி. எத்தன மாசத்துக்குப் பயம்?"

பிரதீபன் தலையைத் தூக்கினான். மறுபக்கத்தில் ஜெஸ்லா மிஸ் திருப்பிக் கேட்டார்.

"என்ன கேட்டீங்க?"

"பயப்புடுறதுக்கும் ஒரு கணக்கு இருக்கும்ல மிஸ்? ரெண்டு வருசமும் பயந்துகிட்டா இருப்பீங்க? எத்தன மாசம் ஒழுங்காக் கட்டினா இவ கட்டுவான்னு ஒங்களுக்கு நம்பிக்க வரும்?"

ஜெஸ்லா மிஸ் நேர்மையான பெண். "மூணு மாசம்" என்றார். "விழுறவங்க பெரும்பாலும் முதல் மூணு மாசத்துலதான் விழுவாங்க. அதத் தாண்டினா வந்துருவாங்க."

"அப்ப அந்த மூணு மாசத்த நான் கையெழுத்து போடுற அன்னிக்கே கட்டிர்றேன். மே, ஜூன், ஜூலை. இருபத்திநாலாயிரத்து ஐநூறு. பயம் தீந்துச்சு. பயம் தீந்த பெறகு பிணை எதுக்கு?"

அடுத்த அறையில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிரதீபனின் உள்ளங்கை வேர்த்திருந்தது. பலர் வீட்டு வாசலில், பலர் அழுதபோது, வேர்க்காத கை அது.

"பிரதீபன், நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன், மிஸ்."

"நான் மேல பேசுறேன். முற்பணம் மூணு மாசம்னா பிணைய விடுறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்குன்னுதான் நெனைக்கிறேன். இல்லாட்டியும் வாங்கிக்குறேன். அம்மா, திங்கக்கிழமை காசோட வாங்க."

போன் வைத்ததும் பிரதீபன் கேட்டான்: "அவ்வளவு காசுக்கு எங்க போவீங்க?"

அவள் மரியாயி பக்கம் திரும்பினாள். லயத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறார்கள். ஆளுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐநூறு. இந்த மாதச் சீட்டு விழுந்தது மரியாயிக்கு. கமலாட்சியின் முறை கடைசியில்.

"ஒன் சீட்ட எனக்கு மாத்திக் குடு. என் கடைசிச் சீட்ட நீ எடுத்துக்க. கடன் இல்ல இது, மாத்துறதுதான். நீ கூரைத் தகரம் மாத்த வச்சிருந்தன்னு தெரியும். மழ வந்தா எங்க வீட்டுல வந்து படு."

மரியாயி தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் எட்டு நாளாக இல்லாத ஏதோ ஒன்று வந்தது. தானும் ஒன்று கொடுத்தோம் என்ற ஒரு சிறு நிமிர்வு. கமலாட்சி அதையும் கணக்கில் வைத்துத்தான் கேட்டாள் என்று பிரதீபனுக்குப் பட்டது. கேட்டுப் பார்க்கவில்லை. ஆனால் இறங்கி வரும் வழியெல்லாம் அவன் அதையே நினைத்தான். மனிதர்களிடம் காசு வாங்குவதுதான் அவன் தொழில். அவனுக்குத் தெரிந்த வகைகள் மொத்தம் இரண்டு, மூன்று. இவள் வாங்கிய விதத்தில், கொடுத்தவள் வாங்கியவளைவிட நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை, பதின்மூன்றாம் நாள், அவள் ஒரு பேரை விட்டுவிட்டு மாத்தளைக்கு வந்தாள். இஸ்திரி போட்ட சேலை. உடன்படிக்கையைப் பிரதீபன் தமிழில் எழுதி வைத்திருந்தான். கையெழுத்துக்கு முன்பு முழுவதையும் உரக்க வாசிக்கச் சொன்னாள். கிளையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"'கடனாளி தவணையைச் செலுத்தத் தவறும் பட்சத்தில்…'"

"நில்லுங்க தம்பி. பட்சத்தில்னா?"

"தவறினா."

"அப்ப தவறினான்னு போடுங்க."

அவன் வெட்டி எழுதினான். வெட்டிய இடத்தில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

"'ஒவ்வொரு மாதமும் பத்தாந்திகதி…'"

"பன்னெண்டுன்னு போடுங்க. பத்துன்னு சொல்லித்தான் இவ்வளவு மானங்கெட்டேன். அன்னிக்குச் சம்பளம் அந்திக்குத்தான் வரும். நாள் பொய்யா இருக்கக் கூடாது."

ஜெஸ்லா மிஸ் தன் கையாலேயே பன்னிரண்டு என்று எழுதினார். அப்படி நான்கு இடத்தில் வெட்டி, ஆறாம் முறை வாசித்த பிறகு, கமலாட்சி தமிழில் தன் பெயரை முழுதாக எழுதினாள். 'தமிழில் விளக்கிக் கூறப்பட்டது' என்ற பெட்டியின் கீழும் எழுதினாள். பழைய பத்திரத்தில் 'தீர்க்கப்பட்டது' என்ற முத்திரை விழுவதை நின்று பார்த்தாள்.

எல்கடுவக் கமலாட்சி கதையை அந்தக் கிளையில் இன்றும் சொல்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஜெஸ்லா மிஸ் அந்த அட்டவணையைக் காட்டுகிறார். தோட்டப் பக்கம் ஃபைல் என்றால் முதலில் சம்பளச் சீட்டை மாதவாரியாகப் பரப்பிப் பார் என்கிறார்; அதற்குக் கிளையில் கமலாட்சி முறை என்றே பெயர். அவள் இதுவரை ஒரு பன்னிரண்டாந்திகதியையும் விட்டதில்லை. ஆனால் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துவிட்டது. அன்று போகும்போது அவள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாளாம். 'நீங்கள்ளாம் நல்லா இருக்கணும்' என்று கண்கலங்கினாளாம். பிரதீபனின் தலையில் கைவைத்து, 'ஒனக்கும் ஒரு நல்ல காலம் வரும், மகனே' என்றாளாம். அதைச் சொல்லும்போது சிலர் அவனைப் பார்ப்பார்கள். அவன் மறுத்துப் பேசுவதில்லை.

அவன் அப்போது கவுண்டருக்குப் பக்கத்தில்தான் நின்றான். காசாளர் றிஸ்மியா தாள்களை எண்ணினாள். இருபத்தையாயிரம். ரசீதை நீட்டினாள். ஐநூறு கூட இருக்கிறது, ஓகஸ்ட் தவணையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கமலாட்சி கும்பிடவில்லை, கலங்கவில்லை. அட்டவணையை விரித்து, ஓகஸ்ட்டின் மேல் விரலை வைத்து, கவுண்டரின் கண்ணாடித் துவாரத்துக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஓகஸ்ட்டுக்கு மூவாயிரம்னு எழுதியிருக்கு, புள்ள. ரெண்டாயிரத்து ஐநூறுன்னு எழுதல. மிச்சக் காசக் குடுங்க."